செவியுள்ள கருவியும் செவியற்ற மனிதனும்

கானான் நாட்டைப் பார்த்துவர மோசே பன்னிரண்டு பேரை அனுப்பினார். நாற்பது நாள்கள் அவர்கள் ஒரே நாட்டைச் சுற்றினர். ஒரே மதில்களையும் ஒரே மனிதர்களையும் கண்டனர். ஒரே திராட்சைக் குலையைத் தடியில் கட்டிச் சுமந்து வந்தனர். ஆயினும் அவர்களில் பதின்மர் கொண்டுவந்தது அச்சத்தின் அறிக்கை. காலேபும் யோசுவாவும் கொண்டுவந்தது நம்பிக்கையின் அறிக்கை. எண்ணிக்கை நூலின் 13, 14 ஆம் அதிகாரங்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். பதின்மரும் இல்லாத மதிலைக் கண்டதாகச் சொல்லவில்லை. மதில்கள் உயர்ந்தே இருந்தன. அங்கு வாழ்ந்தோர் வலியவராகவே இருந்தனர். பிழை காட்சியில் இல்லை. கண்டதற்கு அவர்களின் உள்ளம் தந்த பொருளில் இருந்தது. அந்தப் பிழைக்கு ஒரு தலைமுறையே பாலைநிலத்தில் விலை கொடுத்தது.

ஒற்றறிதல் இவ்வாறு விவிலியத்தின் பழைய பக்கங்களிலேயே இடம்பெற்ற தொழில். வள்ளுவரும் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். நாட்டைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதைத் திருச்சபை ஒருபோதும் மறுத்ததில்லை. நம் காலத்தின் புதுமை வேறு. ஒற்றனின் கண்ணும் காதும் இன்று அவன் உடலைவிட்டு நீங்கிக் கருவிகளில் குடியேறிவிட்டன. அவ்வாறு நீங்கியபோது அவனுடைய மனச்சான்றும் உடன் நீங்கிவிட்டதா? இந்த வினாவை நான் அறிந்தவரை மிகக் கூர்மையாக எழுப்பிய படைப்பு ஒரு திரைப்படம். அமெரிக்க இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1974 இல் உருவாக்கிய 'தி கான்வர்சேஷன்', அதாவது 'உரையாடல்', என்பதே அது. அவ்வாண்டின் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதன் கூர்மை மழுங்கவில்லை. நாளுக்கு நாள் கூடிவருகிறது என்றே சொல்ல வேண்டும்.

ஒலி மட்டும் போதும் என்றவன்

கதை சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்கிறது. யூனியன் சதுக்கத்தில் நண்பகல் நேரம். அலுவலகங்களிலிருந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவே ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் சுற்றிச்சுற்றி நடந்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்த இரைச்சல்மிகு இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் மாடி ஒன்றிலிருந்து நீண்ட குழல் போன்ற ஒலிவாங்கி அவர்களைக் குறிவைத்திருக்கிறது; வேறோர் உயரத்திலிருந்து இன்னொன்று; பை ஒன்றைச் சுமந்தவாறு கூட்டத்தில் பின்தொடரும் ஒருவனிடம் மூன்றாவது. இம்மூன்றையும் இயக்குபவன் ஹாரி. அத்தொழிலில் அவனை விஞ்ச ஆளில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் பதினைந்தாயிரம் டாலருக்கு அவனை அமர்த்தியிருக்கிறார். அந்த இளம்பெண் தலைவரின் மனைவி.

ஹாரி தன் பட்டறையில் மூன்று ஒலிநாடாக்களையும் ஒன்றோடொன்று இணைத்து, இரைச்சலை வடித்து, மறைந்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக மீட்கிறான். இந்தக் காட்சிகளில் கொப்போலாவும் ஒலித்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச்சும் காட்டும் திறம் வியப்புக்குரியது. அப்போது உதவியாளன், இவர்கள் எதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இயல்பாகக் கேட்கிறான். ஹாரி சினம் கொள்கிறான். அவர்கள் என்ன பேசினால் என்ன, தனக்கு வேண்டியது தெளிவான ஒலிப்பதிவு மட்டுமே என்கிறான். படத்தின் இதயம் இந்த விடையில் இருக்கிறது. இரு மனிதரின் வாழ்வைச் செவியருகே கொண்டுவந்தவன் அவ்வாழ்வில் தனக்குப் பங்கில்லை என்கிறான். ஒலியை எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிடலாம் என்று நம்புகிறான்.

அந்த ஒலிநாடாவிலேயே அவனுடைய கொள்கைக்கு மறுப்பு பதிவாகியிருப்பதுதான் விந்தை. சதுக்கத்தில் நடக்கும்போது அந்தப் பெண் இருக்கையில் உறங்கும் வீடற்ற முதியவர் ஒருவரைப் பார்க்கிறாள். இவரும் ஒரு காலத்தில் ஒரு தாய்க்குக் குழந்தையாக இருந்தவர்தாமே என்ற பொருளில் இரங்கிப் பேசுகிறாள். ஒரு நொடிப் பார்வையில் அவள் ஒரு மனிதரின் முழு வாழ்வையும் எண்ணிப் பார்த்துவிட்டாள். மூன்று ஒலிவாங்கிகளுக்குச் சொந்தக்காரனோ, அவள் குரலைப் பன்முறை ஓட்டிக் கேட்டும் அவளை அறியவில்லை.

அறிக்கையிடுபவனின் மறுப்பு

ஹாரி ஒரு கத்தோலிக்கன். இதனைக் கதைக்கு வண்ணம் சேர்க்கும் செய்தியாகக் கருதிக் கடந்துபோகும் திறனாய்வாளர்கள் உண்டு. படத்தின் பொருளைத் திறக்கும் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து. அவன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும் காட்சி மிகச் சிறியது. கடவுளின் பெயரை வீணாகச் சொன்னதையும், காசு கொடுக்காமல் செய்தித்தாள் எடுத்ததையும், தூய்மையற்ற எண்ணங்களையும் முறையாகச் சொல்லிவருகிறான். பின்னர்க் குரல் தடுமாறுகிறது. தான் செய்துகொடுத்த வேலையால் இரண்டு இளையோருக்குத் தீங்கு நேரலாம் என்கிறான். முன்னொரு முறையும் தன் வேலையால் பிறர் துன்புற்றனர் என்கிறான். உடனே அதற்குத் தான் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்கிறான். அதே மூச்சில், இவற்றுக்கும் முற்காலப் பாவங்கள் அனைத்துக்கும் மனம் வருந்துவதாகச் சொல்லி முடிக்கிறான்.

அத்தொட்டியின் மறுபுறம் அமர்ந்து கேட்கும் பணியுடையவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிட உண்மையான பாவசங்கீர்த்தனக் காட்சியைத் திரையில் நான் கண்டதில்லை. சிறு பாவங்கள் எளிதில் நாவில் வருகின்றன. பெரும்பாவமோ வருத்தத்தையும் மறுப்பையும் ஒருசேர உடுத்திக்கொண்டு வருகிறது. பொறுப்பில்லையெனில் வருத்தம் எதற்கு? வருத்தம் உண்டெனில் பொறுப்பு எப்படி இல்லாமற்போகும்? மனத்துயர், சங்கீர்த்தனம், பரிகாரம் என்று இறையியலார் வகுத்த மூன்றில் ஹாரியிடம் சங்கீர்த்தனம் இருக்கிறது. மனத்துயரின் சாயலும் இருக்கிறது. செய்தது நானே என்று ஏற்கும் உள்ளம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் அவன் எடுத்த ஒலிப்பதிவு ஒன்றின் விளைவாக ஒரு குடும்பமே, மூவர், கொல்லப்பட்டதைப் படத்தின் நடுவே அறிகிறோம். அப்போதும் அவன் சமாதானம் ஒன்றே: ஒலிநாடாவைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது.

இந்தக் காட்சியில் இருவகைக் கேட்டல் எதிரெதிரே நிற்கின்றன. ஒட்டுக்கேட்பவன் பேசுவோர் அறியாமல் கேட்கிறான். கேட்டதை விலைக்கு விற்கிறான். கேட்டதால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறான். குருவானவரோ பேசுபவர் விரும்பி வந்ததால் கேட்கிறார். கேட்டதை எவர்க்கும் சொல்லாமல் சாகும்வரை சுமக்கிறார். இவ்வேறுபாட்டைத் திருச்சபை எவ்வளவு முதன்மையாகக் கருதுகிறது என்பதற்கு அதன் சட்டமே சான்று. பாவசங்கீர்த்தனத்தில் பேசப்படுவதைக் கருவி கொண்டு பதிவு செய்பவருக்கும் ஊடகத்தில் பரப்புபவருக்கும் சபைநீக்கத் தண்டனை உண்டு என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1988 இல் ஆணை பிறப்பித்தது. 2021 இல் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 1386 ஆம் எண்ணில் இக்குற்றத்தைத் தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. ஒலிவாங்கி நுழையக் கூடாத ஓரிடம் உலகில் இருந்தாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ஒரு சொல்லின் அழுத்தம்

ஹாரி மீட்டெடுத்த சொற்களில் ஒன்று அவனை உறங்கவிடவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் அவர் தங்களைக் கொன்றுவிடுவார் என்று இளைஞன் சொல்கிறான். ஹாரியின் செவியில் அழுத்தம் கொலை என்னும் சொல்லின்மீது விழுகிறது. ஆகவே அவ்விருவரும் அஞ்சி நடுங்கும் அப்பாவிகள், தலைவரே கொடியவர். இந்த முடிவோடு ஹாரி உழல்கிறான். இறுதியில் விடுதி அறை ஒன்றில் கொலை நிகழ்கிறது. கொல்லப்பட்டவர் தலைவர், சதி செய்தவர்கள் அந்த இளையோர். அப்போது அதே தொடர் மீண்டும் ஒலிக்கிறது. இம்முறை அழுத்தம் தங்களை என்பதன்மீது விழுகிறது. அவர் நம்மைக் கொல்லக் கூடுமெனில் நாம் அவரைக் கொல்வதில் தவறென்ன என்பதே அதன் பொருளாகிறது. அஞ்சியவரின் புலம்பலாகக் கேட்டது கொலைஞரின் நியாயமாக மாறிவிடுகிறது.

இவ்விடத்தில் மர்ச், நடிகர் வேறு அழுத்தத்தோடு சொன்ன வேறொரு பதிவையே பயன்படுத்தினார். இது பார்வையாளரை ஏமாற்றுவதாகும் என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையை நான் ஏற்கவில்லை. நாம் படம் முழுவதும் கேட்டது ஒலிநாடாவை அன்று, ஹாரியின் உள்ளத்தை. குற்ற உணர்வால் குழைந்த அவ்வுள்ளத்துக்குக் காப்பாற்றத்தக்க அப்பாவிகள் இருவர் தேவைப்பட்டனர். ஆகவே அவர்களை அவன் அத்தொடரில் கேட்டுக்கொண்டான். பதின்மரின் கண்ணில் அச்சம் மதிலை உயர்த்தியது போல, இவன் செவியில் குற்ற உணர்வு அழுத்தத்தை இடம் மாற்றியது. கருவி தவறவில்லை, கேட்டவன் தவறினான்.

ஈண்டு வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறார் அவர். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் மட்டுமே தெளியலாம் என்கிறார். ஹாரியிடமும் மூன்று இருந்தன; ஆனால் அவை மூன்று ஒலிவாங்கிகள். வள்ளுவர் கேட்பது மூன்று மனிதரை, மூன்று மதிப்பீட்டை. ஆயிரம் கருவிகளைப் பெருக்கினாலும் அவற்றின் முடிவில் அமர்ந்து பொருள்கொள்ளும் உள்ளம் ஒன்றேயானால், ஒற்றனும் ஒருவனே.

மனம் திரும்பிய ஒற்றன்

இதே பொருளில் பின்னர் எழுந்து உலகப் புகழ்பெற்ற படம், செருமானிய இயக்குநர் ஃபுளோரியான் ஹெங்கெல் ஃபான் டோனர்ஸ்மார்க் 2006 இல் எடுத்த 'பிறர் வாழ்வு'. அது நிகழுமிடம் பழைய கிழக்கு செருமனி. ஸ்டாசி எனப்பட்ட அந்நாட்டு உளவுத்துறையின் அதிகாரி வீஸ்லர், நாடக ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு மேலே பரணில் அமர்ந்து காதொலிப்பான் வழியாக அவ்வீட்டைக் கேட்கிறார். கேட்கக் கேட்க அவர் மனம் இளகுகிறது. பொய் அறிக்கை எழுதி அக்கலைஞரைக் காப்பாற்றுகிறார்.

உள்ளத்தைத் தொடும் படம்தான். ஆயினும் அது தரும் ஆறுதலை எச்சரிக்கையோடு பெற வேண்டும். ஸ்டாசி சிறையாக இருந்த ஹோகென்ஷோன்ஹவுசன் நினைவகத்தின் இயக்குநர் ஹூபெர்ட்டுஸ் கினாபே, அவ்விடத்தில் படமெடுக்க இசைவு தர மறுத்தார். தாம் வேவுபார்த்தவரைக் காப்பாற்றிய இத்தகைய ஸ்டாசி அதிகாரி வரலாற்றில் இல்லை என்பது அவருடைய வாதம். 1989 இல் அத்துறையில் ஏறத்தாழ 91,000 முழுநேரப் பணியாளர்கள் இருந்தனர். அண்டைவீட்டாரையும் உடன்பணியாளரையும் வேவுபார்த்துச் சொன்ன மறைமுகத் தகவலாளர் ஏறத்தாழ 1,89,000 பேர். கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்தனர். மனிதரின் உடல்மணத்தைத் துணியில் பிடித்துக் கண்ணாடிக் குப்பிகளில் சேர்த்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக வைத்தால் 111 கிலோமீட்டர் நீளும். இத்தனை கேட்டும் தம் மக்களின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவ்வரசு உணரவில்லை. 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் மதில் திறந்தது. கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் மனம் இளகிவிடும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை.

கடவுளின் அருள் பரணில் அமர்ந்த ஒற்றனையும் தொடும் என்பதை நான் மறுக்க முடியாது. ஆனால் வீஸ்லரை மீட்டது எது? காதொலிப்பான் அன்று, கேட்டதற்குத் தாமே பொறுப்பு என்று ஏற்று, அதற்காகத் தம் பதவியை இழக்கத் துணிந்ததே அவரை மீட்டது. ஹாரி சொல்ல மறுத்த அச்சொல்லை அவர் தம் செயலால் சொன்னார். இவ்வாறு நோக்கினால் இரு படங்களும் ஒரே உண்மையின் இருபக்கங்களாகின்றன.

கேட்பவரே இல்லாத காலம்

ஹாரிக்கு இருவரின் சிறிது நேரப் பேச்சைக் கேட்க ஒரு குழுவே தேவைப்பட்டது. ஸ்டாசிக்கும் ஒவ்வொரு பரணிலும் ஓர் ஆள் தேவைப்பட்டான். 2013 சூனில் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் வேறோர் உலகத்தைக் காட்டின. அமெரிக்காவின் பெருந்தொலைபேசி நிறுவனம் ஒன்று, தன் வாடிக்கையாளர் எவர் எவரை எப்போது எத்தனை நேரம் அழைத்தார் என்ற பதிவுகளை நாள்தோறும் அரசிடம் அளிக்குமாறு இரகசிய நீதிமன்ற ஆணை இருந்தது. அம்மொத்தச் சேகரிப்பை 2015 இல் இயற்றப்பட்ட சட்டம் நிறுத்தியது. ஆயினும் அது காட்டிய வழி முதன்மையானது. இங்கே பேச்சைக் கேட்பவரே இல்லை. அழைப்புகளின் தடங்களைக் கணினி கோத்துப் படமாக்குகிறது. 2014 இல் பொது விவாதம் ஒன்றில், அமெரிக்க உளவு அமைப்புகளின் தலைவராக முன்பு இருந்த மைக்கேல் ஹேடன், இத்தகைய தடங்களின் அடிப்படையில் மனிதரைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். உள்நாட்டில் திரட்டப்பட்ட பதிவுகளைக் கொண்டு அவ்வாறு செய்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதன் விலை என்ன என்பதைக் காபூல் காட்டியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கப் படையினர் வெண்ணிற மகிழுந்து ஒன்றை ஏறத்தாழ எட்டு மணிநேரம் வானிலிருந்து ஆளில்லா விமானங்களின் வழியாகத் தொடர்ந்தனர். மூன்று நாள்களுக்கு முன் விமானநிலைய வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பால் அச்சம் நிறைந்திருந்த நேரம். மகிழுந்தில் ஏற்றப்பட்டவை வெடிபொருள்கள் என்று முடிவுசெய்து ஏவுகணையை ஏவினர். அதை ஓட்டியவர் பசித்தோர்க்கு உணவளிக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர். ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கலன்கள் என்று பின்னர் வந்த ஊடகப் புலனாய்வு காட்டியது. ஏழு குழந்தைகள் உள்ளிட்ட பதின்மர் மாண்டனர். செப்டம்பர் 17 அன்று படைத்தலைமை தவற்றை ஒப்புக்கொண்டது. டிசம்பரில், இதற்காக எவர்மீதும் தண்டனை நடவடிக்கை இல்லை என்று பாதுகாப்புத்துறை அறிவித்தது.

ஹாரியின் பாவசங்கீர்த்தனம் இங்கே ஓர் அரசின் குரலில் ஒலிக்கிறது. வருந்துகிறோம், எவரும் பொறுப்பல்ல. எட்டு மணிநேரம் அம்மனிதரை இமைக்காமல் பார்த்தார்கள்; ஆனால் யூனியன் சதுக்கத்து முதியவரை அந்தப் பெண் ஒரு நொடி பார்த்த பார்வை அதில் இல்லை. அவளே பின்னர்க் கொலைக்கு உடன்பட்டாள் என்பதையும் மறக்கலாகாது. இரக்கமும் ஒருநொடி உணர்வாக நின்றுவிட்டால் போதாது. பொறுப்பாக வளர வேண்டும்.

மனிதரின் தனிவாழ்வு காக்கப்படுவது அவர்தம் மாண்புக்குரிய உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இலேயே 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற கொள்கைத் திரட்டின் 26 ஆம் எண்ணில் அறிவித்தது. 2022 ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் நுட்பமாகப் பேசினார். ஒட்டுக்கேட்பதும் உளவுபார்ப்பதும் செவிமடுத்தல் ஆகா, அதற்கு நேர் எதிரானவை என்பது அவர்தம் கருத்து. அவ்வாண்டின் செய்தி, இதயத்தின் செவியால் கேட்க நம்மை அழைத்தது. கொப்போலாவின் படத்துக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை வேண்டியதில்லை.

உடைபட்ட சுரூபம்

படத்தின் முடிவில் ஹாரியின் வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது. நாங்கள் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்கிறது ஒரு குரல். அவன் சற்றுமுன் வாசித்த சாக்சபோன் இசையே மறுமுனையில் ஒலிக்கிறது. ஒளித்துவைத்த கருவியைத் தேடி அவன் தன் வீட்டைப் பிரிக்கிறான். சுவரை உரிக்கிறான்; தரைப் பலகையைப் பெயர்க்கிறான். மாதாவின் சிறு சுரூபத்தை மட்டும் தொடத் தயங்குகிறான். கடைசியில் அதையும் உடைக்கிறான். உள்ளே ஒன்றுமில்லை.

இதை ஒருவன் தன் சமயத்தை உதறும் காட்சி என்று கொள்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எல்லாவற்றிலும் செவி ஒளிந்திருக்கும் என்று நம்பி வாழ்ந்தவனுக்கு, இறுதியில் அன்னையின் உருவமும் சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது. உண்மையில் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. நம்மை ஆராய்ந்து அறிந்தவர் என்று 139 ஆம் திருப்பாடல் போற்றும் அவர் ஒளிந்து கேட்பவர் அல்லர். கேட்டதை விற்பவரும் அல்லர். தாம் அறிந்த மனிதருக்காகத் தம் மகனையே கையளித்தவர். அறிதலும் அன்பும் அவரிடம் பிரிவதில்லை. அவற்றைப் பிரித்துவிடலாம் என்று எண்ணிய ஹாரி, பிரித்துப் போட்ட வீட்டின் நடுவே தனியனாய் அமர்ந்து சாக்சபோன் வாசிக்கிறான். படம் அத்துடன் முடிகிறது.

கருவிகள் இனியும் பெருகும். அவற்றை வெறுத்து ஒதுக்குவதால் பயனில்லை. ஆனால் ஆட்சியில் இருப்போரிடம் நாம் கேட்க வேண்டிய வினா இதுவே: கேட்டதற்கும் பார்த்ததற்கும் பொறுப்பேற்று, இது நான் செய்தது என்று சொல்லும் மனிதர் அக்கருவியின் முடிவில் இருக்கிறாரா? மனைவியின் கைப்பேசியைக் கணவன் இரகசியமாய்ப் புரட்டும் வீட்டிலும் இதே வினா எழும். பிறர் வாழ்வை அறிந்தவர் அதற்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அக்கணக்கை எந்தக் கருவியும் நமக்காகக் கொடுக்கப்போவதில்லை.